அடகுப் பொருளை அகற்றிய குற்றம்: பெங்களூரு வழக்கில் சட்டச் சொற்களின் வரலாறு

கடனுக்கு ஈடாக வைத்த பொருளைக் கடன் கொடுத்தவர் அறியாமல் விற்றுவிடுவது குற்றமா என்று வினவினால், ஆம் என எவரும் தயங்காது விடையிறுப்பர். எக்குற்றம் என்று அடுத்து வினவினால் விடை அத்துணை எளிதில் வாராது. 1860ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டம் அச்செயலுக்கெனத் தனிப்பிரிவு ஒன்றும் வகுக்கவில்லை. அதன் இடத்தில் 2024 சூலை 1 முதல் நடைமுறைக்கு வந்துள்ள பாரதிய நியாய சன்ஹிதாவும் வகுக்கவில்லை. திருட்டு, நம்பிக்கை மோசடி, ஏமாற்றுதல், சேதம் விளைத்தல், கடனீந்தோருக்கு எட்டாமல் சொத்தை மறைத்தல் ஆகிய குற்றங்களுக்கிடையே அச்செயல் அலைந்து கொண்டிருக்கிறது. அது எதில் சென்று நிலைபெறும் என்பதைப் பெரிதும் முடிவு செய்வது, பொருள் எவ்வகை உறவால் கடன் கொடுத்தவருக்குக் கட்டுப்பட்டது என்பதாகும். அவ்வுறவுகளை ஆங்கிலச் சட்டமொழி வெவ்வேறு பெயரிட்டு வழங்குகிறது. தமிழ்ப் பேச்சுவழக்கோ ஏறத்தாழ அனைத்தையும் 'அடகு' என்னும் ஒரு சொல்லில் அடக்கிவிடுகிறது.

பெங்களூருவில் இச்சிக்கல் மேலும் கூடுகிறது. முறையீட்டாளர் தமிழில் கூறுவது காவல் நிலையத்தில் கன்னடத்தில் எழுதப்படுகிறது. கீழமை நீதிமன்றங்களில் கன்னடமும் ஆங்கிலமும் கலந்து வழங்குகின்றன. அட்டாரா கச்சேரி எனப்படும் செந்நிறக் கட்டடத்தில் அமைந்த உயர்நீதிமன்றத்தில் ஆங்கிலமே ஆட்சி செய்கிறது. (பதினெட்டு அலுவலகங்கள் என்று பொருள்படும் அப்பெயரோ இந்துஸ்தானி.) 1881 முதல் 1947 வரை இந்நகரமே இரு வேறு ஆட்சி எல்லைகளாகப் பிரிந்து கிடந்தது. பேட்டை மைசூர் அரசின்கீழும், 'தண்டு' என்று மக்கள் வழங்கிய கண்டோன்மெண்ட் பகுதி பிரித்தானிய ரெசிடெண்டின் கீழும் இருந்தன. தமிழ் பேசுவோர் பெருந்தொகையினராகக் குடியேறியது பின்னைய பகுதியிலேயே. ஆகவே ஒரே தெருவின் கொடுக்கல் வாங்கலில் தமிழ், கன்னடம், உருது, ஆங்கிலம் ஆகிய நான்கின் சொற்களும் புழங்குவது இங்கு நெடுநாளைய வழக்கம்.

ஒற்றி, பணயம், போக்கியம்

தமிழின் 'அடகு' என்பதற்குக் கன்னடத்தில் 'அடவு' இணையாக உள்ளது. 'அடமானம்' இரு மொழிக்கும் பொது. இது வடமொழி 'ஆதமன' என்பதன் திரிபாகும். வட்டிக்கடைக்குக் கன்னடத்தில் வழங்கும் 'கிரவி அங்கடி' என்னும் தொடரின் முற்பகுதி, ஈடு எனப் பொருள்படும் பாரசீகச் சொல்லிலிருந்து வந்தது. கடன் தீராத நகை விற்பனைக்கு வரும்போது தமிழர் 'ஏலம்' என்பர். கன்னடர் 'ஹராஜு' என்பர். முன்னது போர்த்துக்கீசியர் வழி வந்தது, பின்னது அரபு-பாரசீக வழியது. கடன், ஈடு, ஏலம் ஆகிய மூன்றையும் குறிக்கும் சொற்களில் கடற்கரை வணிகமும் தக்காணத்து ஆட்சியும் தத்தம் தடத்தை விட்டுச் சென்றுள்ளன.

தமிழின் 'ஒற்றி' நிலத்தைக் கடன் கொடுத்தவர் கையில் ஒப்படைத்து, அதன் விளைவை வட்டிக்கு ஈடாக அவர் நுகர விடும் முறையைக் குறித்தது. மலபார்ப் பகுதியின் நிலவுடைமை முறையிலும் இச்சொல் நிலைபெற்றது. இதனோடு உறவுடையதாகக் கருதத்தக்க கன்னட 'ஒத்தெ' பொதுவாக ஈட்டையே குறிக்கிறது; 'ஒத்தெயாளு' என்றால் பிணையாகப் பிடித்து வைக்கப்பட்ட மனிதன். அதே மனிதனைத் தமிழ் 'பணயக் கைதி' என்கிறது. மலையாளத்திலோ 'பணயம்' நகை அடகுக்குரிய அன்றாடச் சொல். தமிழில் அச்சொல் சூதாட்டத்தோடும் ஆட்கடத்தலோடும் நின்றுவிட்டது. பொருளை ஈடாக வைப்பதும் ஆளை ஈடாக வைப்பதும் ஒரே கருத்தின் இரு முகங்கள் என்பதை மூன்று மொழிகளும் மறவாமல் வைத்துள்ளன.

இவற்றுள் பெங்களூருவில் இன்றும் உயிர்ப்போடு இருப்பது 'போக்கியம்' ஆகும். வீட்டு உரிமையாளரிடம் பெருந்தொகை ஒன்றை முன்பணமாகக் கொடுத்து, வாடகையின்றிக் குடியிருந்து, காலம் முடிந்ததும் தொகையைத் திரும்பப் பெறும் ஏற்பாட்டைக் கன்னடத்தார் 'போக்ய' என்பர். நகரத் தமிழர் 'லீசு' என்றும் 'போக்கியம்' என்றும் வழங்குவர். தர்ம நூல் உரைகள் ஈட்டை இருவகையாகப் பிரிக்கின்றன. காத்து வைப்பதற்கு மட்டும் உரியது ஒன்று. அதனைக் 'கோப்ய' என்றனர். பயன்கொள்வதற்கு உரியது மற்றொன்று, அது 'போக்ய'. அப்பாகுபாட்டின் ஒரு பாதி பெங்களூருத் தெருவில் வாடகை அறிவிப்புப் பலகையாகத் தொங்குகிறது.

இங்கு மற்றொரு மொழிக்கூறும் நோக்கத்தக்கது. மீட்கப்படாத நகையைப் பற்றித் தமிழர் 'நகை மூழ்கிவிட்டது' என்பர். மூழ்கடித்தவர் எவர் என்பதை இத்தொடர் கூறுவதில்லை. காலக்கெடு கடந்ததா, வட்டி ஏறியதா, கடைக்காரர் முன்னறிவிப்பின்றி உருக்கிவிட்டாரா என்பனவெல்லாம் அத்தன்வினைக்குள் மறைந்துவிடுகின்றன. குற்றச் சட்டத்திற்கோ வினைமுதல் இன்றியமையாதது. 'மூழ்கியது' என்று கூறி நிற்கும் முறையீட்டாளரிடமிருந்து 'விற்றான்' என்னும் வினையைப் பெற்றுத் தருவதே எழுத்தரின் முதல் வேலையாகிறது.

தர்ம நூல்கள் காட்டும் இரு வழிகள்

ஈட்டு மோசடிக்குப் பழைய நூல்கள் இருவேறு விடை தருகின்றன. மனு நூலின் எட்டாம் இயல், வஞ்சகமான ஈடு, விற்பனை, கொடை ஆகியவற்றை நீதி வழங்குவோர் செல்லாதனவாக்க வேண்டும் என்கிறது. மேலே குறித்த 'ஆதமன' என்னும் சொல் அங்கு 'யோக' என்பதனோடு தொகையாகி வருகிறது. அவ்விடத்தில் 'யோக' என்பதற்குத் தந்திரம், வஞ்சகம் என்பதே பொருள். நல்லூழைக் குறிக்கும் இற்றைத் தமிழ் 'யோகம்' இவ்விடத்தில் மொழிபெயர்ப்பாளரை எளிதில் ஏமாற்றிவிடும். ஆனால் மனு இங்கு விதிப்பது தண்டனை அன்று. செயலை நீக்குவது மட்டுமே.

விஷ்ணு ஸ்மிருதி வேறு வழி செல்கிறது. ஒருவருக்கு ஈடாக வைத்த நிலத்தை மீட்காமலே மற்றொருவருக்கு ஈடாகக் கொடுப்பவன், நிலம் 'கோசர்ம' அளவிற்கு மேற்பட்டதாயின் 'வத்யன்' ஆவான் என்றும், குறைந்ததாயின் 16 சுவர்ணம் தண்டம் செலுத்த வேண்டும் என்றும் அதன் ஐந்தாம் இயல் விதிக்கிறது. ஓராண்டு ஒருவன் உண்டு வாழ்வதற்குரிய விளைவைத் தரும் நிலமே கோசர்மம் என்று அந்நூலே விளக்கம் தருகிறது. இரட்டை அடமானத்தைத் தெளிவாகப் பெயர் சுட்டித் தண்டிக்கும் பழைய விதிகளுள் இது குறிப்பிடத்தக்கது. தண்டனையின் அளவைப் பிறரை வஞ்சித்த பணத்தைக் கொண்டு கணிக்காமல், ஒரு வயிற்றின் ஓராண்டு உணவைக் கொண்டு கணித்திருப்பது இவ்விதியின் சிறப்பு.

'வத்யன்' என்பதை எவ்வாறு பெயர்ப்பது? 'வத' என்னும் வேர் கொலைத் தண்டனையையும் குறிக்கும், அடித்தல் முதலாய உடல் தண்டனையையும் குறிக்கும். யோலியின் ஆங்கில மொழிபெயர்ப்பு உடல் தண்டனை என்னும் பொருளைத் தேர்ந்துகொண்டது. 'வதம்' என்றாலே கொலை என்று கொள்ளும் தமிழ் வாசகர், மூலத்தை நேரே படித்தால் கடனாளியின் தலை போயிற்று என்று எண்ணிவிடுவார். ஒரே எழுத்துருவுடைய சொல் இரு மொழிகளில் ஒரே அளவு தண்டனையைத் தருவதில்லை.

பதினோராம் நூற்றாண்டின் இறுதியிலும் பன்னிரண்டின் தொடக்கத்திலுமாகக் கல்யாணச் சாளுக்கியன் ஆறாம் விக்கிரமாதித்தன் காலத்தில், இன்றைய கர்நாடகத்தின் பசவகல்யாணத்தில், விஞ்ஞானேசுவரர் எழுதிய மிதாட்சரம் யாக்ஞவல்கிய ஸ்மிருதிக்கு உரையாகும். ஈடு, கொடை, விற்பனை ஆகிய மூன்றிலும் முந்தைய செயலே வலிமையுடையது என்பது அம்மூல நூலின் கொள்கை. முந்தையவர் உரிமை காக்கப்படும், பிந்தையவர் ஏமாந்தவராவார். ஏமாந்தவருக்கு என்ன வழி என்னும் வினாவே குற்றச் சட்டத்தின் வாயில்.

உரோமானியச் சட்டமும் இதனைத் தனிக் குற்றமாகக் கண்டது. ஒருவருக்குக் கட்டுப்பட்ட பொருளை அக்கட்டை மறைத்து மற்றவருக்குக் கைமாற்றுவதை அவர்கள் 'ஸ்டெல்லியோனாத்துஸ்' என்றனர். 'ஸ்டெல்லியோ' என்பது புள்ளிகளையுடைய ஒருவகைப் பல்லி. தமிழர் இத்தகையவரைப் பச்சோந்தி என்றிருப்பர். இன்றைய பிரெஞ்சுத் தண்டனைச் சட்டத்தின் 314-5ஆம் பிரிவு, ஈடாக வைத்த பொருளைக் கடனாளி அழிப்பதையோ திசைதிருப்புவதையோ தனிப் பெயருடைய குற்றமாக்கி மூன்றாண்டுச் சிறையும் பணத் தண்டமும் விதிக்கிறது. பெயரிட்ட குற்றத்தை மொழிபெயர்ப்பது எளிது. பெயரில்லாத குற்றமே இடர் தருகிறது.

1860ஆம் ஆண்டுச் சட்டத்தின் மொழி

மெக்காலேயின் தலைமையில் 1837இல் வரைவு பெற்று, 1860இல் நிறைவேறி, 1862 சனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த தண்டனைச் சட்டம், எடுத்துக்காட்டுகளால் பொருளை விளக்கும் முறையைக் கையாண்டது. திருட்டைப் பற்றிய 378ஆம் பிரிவின் எடுத்துக்காட்டுகளுள் ஒன்று அடகைப் பற்றியது. தன் கடிகாரத்தை அடகு வைத்தவன், கடனைத் தீர்க்காமல், அடகு பெற்றவரின் இசைவின்றி அதனை எடுத்துச் சென்றால் திருடனாவான், கடிகாரம் அவனுடையதே ஆயினும். தன் பொருளைத் தானே திருட முடியும் என்னும் இக்கருத்து தமிழ்ச் சொற்பொருளுக்கு முரணாகத் தோன்றும். 'திருடு' என்னும் வினையின் செயப்படுபொருள் பிறர் பொருளாக இருக்க வேண்டும் என்பதே நம் மொழியுணர்வு. சட்டம் உடைமையை நோக்காமல் கைவசத்தை நோக்குகிறது. அக்கைவசம் கடன் கொடுத்தவரிடம் இருந்ததால் அதைக் குலைத்தது திருட்டாயிற்று. சன்ஹிதாவின் 303ஆம் பிரிவிலும் இக்கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கிறது.

ஏமாற்றுதலைப் பற்றிய 415ஆம் பிரிவு, நேர்மையின்றி உண்மையை மறைப்பதும் ஏமாற்றே என விளக்குகிறது. ஒருவருக்கு விற்றுவிட்ட நிலத்தை அவ்விற்பனையைக் கூறாமல் மற்றொருவருக்கு விற்றோ அடமானம் வைத்தோ பணம் பெறுவதை அது எடுத்துக்காட்டாகவும் தருகிறது. விஷ்ணு ஸ்மிருதியின் விதிக்கு மிக அணித்தாக வருவது இதுவே. 421 முதல் 424 வரையிலான பிரிவுகள் கடனீந்தோருக்கு எட்டாமல் சொத்தை மறைப்பதைத் தண்டிக்கின்றன. எனினும் 421ஆம் பிரிவில், போதிய விலை பெறாமல் கைமாற்றுவது என்னும் வரையறை உண்டு. முழு விலைக்கு விற்றுப் பணத்தைச் செலவழித்துவிட்டவர் அதன் வலையில் எளிதில் சிக்கார். 424ஆம் பிரிவோ தன் சொத்தை மறைப்பதையும் அகற்றுவதையும் வெளிப்படையாகவே உட்படுத்துகிறது. அடகுப் பொருள் தொடர்பான முறையீடுகளில் இப்பிரிவு இன்னும் மிகுதியாகப் பயன்பட்டிருக்கலாம்.

மொழியியலாளர் கண்ணுக்கு உறுத்தலானது 25ஆம் பிரிவு. 'மோசடியாக' என்பது மோசடி செய்யும் கருத்துடன் செய்வதே, வேறன்று என்பது அதன் வரையறை. எந்த அகராதியாசிரியரும் இவ்வட்ட விளக்கத்தை ஏற்கமாட்டார். இதற்கு மாறாக 'நேர்மையின்றி' என்பது 24ஆம் பிரிவில், ஒருவருக்கு முறையற்ற ஆதாயமோ மற்றவருக்கு முறையற்ற இழப்போ உண்டாக்கும் கருத்து எனத் தெளிவாக வரையறுக்கப்பட்டுள்ளது. இரண்டையும் தமிழில் 'மோசடியாக' என்றே பெயர்ப்போர் உளர். கன்னடத்தில் 'மோச' என்பது ஏமாற்று. தமிழில் 'மோசம்' என்பது இன்று வெறும் கெடுதியாகத் தேய்ந்துவிட்டது. கன்னடச் சட்டமொழியில் ஏமாற்றுதலுக்குரிய 'வஞ்சனெ' என்னும் சொல்லைத் தமிழில் 'வஞ்சனை' என்று மாற்றினால் சட்டம் கூறாத வன்மம் ஒன்று ஏறிவிடுகிறது.

கைவசம் யாரிடம்?

1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் 172ஆம் பிரிவில் அடகை வரையறுத்தது. கடனுக்கு ஈடாகப் பொருளை ஒப்படைத்தலே அடகு, ஒப்படைப்பின்றி அடகில்லை. 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் 58ஆம் பிரிவில் அசையாச் சொத்தின் அடமானத்தை ஆறு வகையாகப் பிரித்தது. இவ்விரண்டிற்கும் இடையே ஒன்று விடுபட்டது. லாரி, எந்திரம், கிடங்குச் சரக்கு முதலியன கடனாளியிடமே இருந்து, அவரால் பயன்படுத்தப்பட்டு, ஆயினும் வங்கிக்குக் கட்டுப்பட்டிருக்கும் நிலையே அது. கிரேக்க மொழியில் 'கீழ் வைத்தல்' எனப் பொருள்படும் சொல்லிலிருந்து பிறந்த 'ஹைப்பாதிகேஷன்' இதற்குப் பெயர். இதற்குச் சட்ட வரையறை கிடைத்தது 2002ஆம் ஆண்டில், சர்ஃபாசி எனப்படும் சட்டத்தின் வாயிலாகத்தான். வண்டியின் பதிவுச் சான்றில் எழுதப்படும் இக்கட்டைப் பெங்களூருத் தமிழர் 'எச்.பி.' என்று சுருக்கிவிட்டனர். கடன் தீர்ந்தபின் 'எச்.பி. கேன்சல்' செய்வதும் அன்றாட வழக்கு. தமிழில் இதனையும் 'அடகு' என்றே கூறினால், ஒப்படைப்பு நிகழ்ந்துவிட்டது என்னும் பொய்ப்பொருள் உடன் ஏறிக்கொள்கிறது. 'அடகு வைத்தான்' என்பதிலுள்ள 'வை' என்னும் வினையே பொருளைக் கொண்டுபோய்ப் பிறர் கையில் சேர்க்கிறது.

இப்பொய்ப்பொருளின் விளைவு சிறிதன்று. நம்பிக்கை மோசடிக்கு அடிப்படை, பொருள் பிறரால் ஒப்படைக்கப்பட்டிருத்தல். 1996இல் சி.பி.ஐ.க்கும் டங்கன்ஸ் அக்ரோ நிறுவனத்திற்கும் இடையிலான வழக்கில், கடனுதவிக்கு ஈடான மிதவைப் பொறுப்புக்கு உட்பட்ட சரக்கை அகற்றியது நம்பிக்கை மோசடி ஆகாது என்று உச்சநீதிமன்றம் கூறியது. அச்சரக்கின் உடைமை கடனாளியிடமே நிற்கிறது. தன் பொருளைத் தன்னிடமே ஒருவர் நம்பி ஒப்படைக்க முடியாது. ஆனால் அடகில், அடகு பெற்றவர் பிறர் பொருளை நம்பிக்கைக்குரியவராக வைத்திருக்கிறார். ஆகவே நகையை முறையின்றி விற்கும் வட்டிக்கடைக்காரர் இக்குற்றத்தில் சிக்குவார். வங்கிக்குக் கட்டுப்பட்ட சரக்கை விற்கும் ஆலை உரிமையாளர் சிக்கார். எளியோர் வழக்கில் 'அடகு' என்னும் ஒரு சொல்லுக்குள் இருவரும் ஒன்றாகவே நிற்கின்றனர்.

2006ஆம் ஆண்டின் இந்தியன் ஆயில் - என்.ஈ.பி.சி. வழக்கு இதனை மேலும் நுணுக்கமாக்கியது. விமான எரிபொருள் கடனுக்கு ஈடாக்கப்பட்ட விமானங்களிலிருந்து எஞ்சின்களைக் கழற்றி அகற்றிவிட்டனர் என்பது முறையீடு. சென்னை உயர்நீதிமன்றம் முறையீடுகளை நீக்கிவிட்டது. உச்சநீதிமன்றத்தில் தீர்ப்பை எழுதியவர், முன்னர்ப் பெங்களூருவில் கர்நாடக உயர்நீதிமன்ற நீதிபதியாக இருந்த ஆர்.வி. இரவீந்திரன். திருட்டு, கையாடல், நம்பிக்கை மோசடி ஆகியவை பொருந்தா. ஏமாற்றுதலும் சேதம் விளைத்தலும் முதல் நோக்கில் பொருந்தும் என்று தீர்ப்பாயிற்று. சேதம் விளைத்தலைப் பற்றிய 425ஆம் பிரிவின் விளக்கம், தனக்கே உரிய பொருளைப் பாதிக்கும் செயலாலும் ஒருவர் அக்குற்றம் புரியலாம் என்கிறது. உரிமையியல் பூசல்களைக் குற்ற வழக்காக்கி அச்சுறுத்தும் போக்கு வளர்ந்து வருவதையும் அத்தீர்ப்பு கடிந்தது. தன் பொருளைத் தான் திருடலாம், தன் பொருளுக்குத் தான் சேதம் விளைக்கலாம், தன் பொருளில் தான் நம்பிக்கை மோசடி செய்ய இயலாது என்பதே இவற்றால் பெறப்படும் இலக்கணம்.

போக்கியத்திற்கு வீடெடுத்தவர் நிலைமை இவற்றைவிட இரங்கத்தக்கது. உரிமையாளர் அவ்வீட்டை முன்னரே வங்கியில் அடமானம் வைத்திருந்து, அதைக் கூறாமல் முன்பணம் வாங்கியிருப்பின், வங்கி வீட்டைக் கைக்கொள்ள வரும்போதே குடியிருப்பவர் அதனை அறிகிறார். உரிமைப் பத்திரங்களை ஒப்படைத்து உண்டாக்கும் அடமானம் எழுத்து ஆவணம் இன்றியே நிறைவேறக்கூடியது. அத்தகையது வில்லங்கச் சான்றில் தோன்றாமலே போகலாம். கன்னடத்தில் அச்சான்று 'ருணபார' சான்று, அதாவது கடன்சுமைச் சான்று. தமிழின் 'வில்லங்கம்' வம்பையும் உட்கொண்டது. ஒரே சொத்தின் மேல் பல கடன் பெறுவதைத் தடுக்க, செர்சாய் எனப்படும் மையப் பதிவகம் 2011 மார்ச் 31 முதல் இயங்கி வருகிறது. எனினும் அங்குத் தேடிப் பார்க்க வேண்டும் என்று குடியேறுவோருக்கு அவர்தம் மொழியில் எவரும் கூறுவதில்லை. உரிமையாளர் மேல் ஏமாற்றுக் குற்றம் சாட்டலாம். 420ஆம் பிரிவின்கீழ் ஏழாண்டு வரை சிறை உண்டு, சன்ஹிதாவின் 318ஆம் பிரிவிலும் அவ்வாறே. முன்பணம் அதனால் திரும்பி வாராது.

நீதிமன்றத்தை மீறிய கைமாற்று

பெங்களூருவோடு தொடர்புடைய பெரும் வழக்கொன்று இவ்வரலாற்றின் ஓரத்தில் நிற்கிறது. கிங்ஃபிஷர் விமான நிறுவனத்தின் கடன்களுக்காக வங்கிகள் விஜய் மல்லையாவுக்கு எதிராகத் தொடுத்த நடவடிக்கைகளில், சொத்துகளைக் கைமாற்றலாகாது என்று கர்நாடக உயர்நீதிமன்றம் 2013இல் ஆணையிட்டிருந்தது. 2016இல் டியாஜியோ நிறுவனத்திடமிருந்து பெற்ற 4 கோடி டாலர் அவருடைய பிள்ளைகளின் நலனுக்கு மாற்றப்பட்டது. பெங்களூருக் கடன் மீட்புத் தீர்ப்பாயம் 2017 சனவரியில் 6,203 கோடி ரூபாயை வட்டியுடன் மீட்க வங்கிகளுக்கு இசைவளித்தது. அவ்வாண்டு மே மாதம் உச்சநீதிமன்றம் அவரை அவமதிப்புக் குற்றவாளி எனக் கண்டு, 2022 சூலை 11இல் நான்கு மாதச் சிறையும் 2,000 ரூபாய் தண்டமும் விதித்தது. 4 கோடி டாலரை 8 விழுக்காட்டு வட்டியுடன் செலுத்தவும் ஆணையிட்டது. அப்பணம் எவருக்கும் அடகாக இருந்ததன்று. கண்டறியப்பட்ட குற்றமும் கடனீந்தோருக்கு எதிரானதன்று, நீதிமன்ற ஆணைக்கு எதிரானது. 2,000 ரூபாய் என்பது 1971ஆம் ஆண்டின் அவமதிப்புச் சட்டம் இசையும் உச்ச அளவாகும்.

சன்ஹிதா தண்டனையைச் சற்று உயர்த்தியுள்ளது. நம்பிக்கை மோசடிக்கு மூன்றாண்டாக இருந்த சிறை 316ஆம் பிரிவில் ஐந்தாண்டு வரை ஆகியுள்ளது. பழைய 421க்கு இணையான 320இல், சிறை விதிக்கப்படின் அது ஆறு மாதத்திற்குக் குறையலாகாது. பழைய 424க்கு இணையான 323 மூன்றாண்டு வரை செல்கிறது. பெயரில்லாக் குற்றம் பெயரில்லாமலே தொடர்கிறது.

இப்புதிய பிரிவுகள் தமிழிலும் கன்னடத்திலும் அடுத்தடுத்துப் பெயர்க்கப்படும்போது தடுமாற்றம் தண்டனைப் பகுதியில்தான் மிகுதி. கன்னடத்தில் 'அபராத' என்றால் குற்றம். தமிழில் 'அபராதம்' என்றால் குற்றத்திற்குச் செலுத்தும் பணம். அப்பணத்தைக் கன்னடச் சட்டமொழி 'ஜுல்மானெ' என்கிறது, பேச்சுமொழி 'தண்ட' என்கிறது. தமிழில் 'தண்டம்' பணத்தையும் குறிக்கும், வீண் செலவையும் குறிக்கும். 'தண்டனை' சிறையை நினைவூட்டும். கன்னடத்தில் அபராதம் மெய்ப்பிக்கப்பட்டது என்று எழுதப்பட்ட தாளைக் கையில் வாங்கும் பெங்களூருத் தமிழர், எவ்வளவு கட்ட வேண்டும் என்று எழுத்தரைக் கேட்கிறார்.